கூடத்து வழியாகப் போனால் பதினொரு நிமிடம் மிச்சம்

முகவரியம்மாவின் வீட்டுக் கூடத்துக்குள் முதல் லாரி நுழைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. ஓட்டுநர் நாலும் தெரிந்தவர். வாசலில் கிடந்த மிதியடியில் ஆறு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். சோபாவில் உரசவில்லை, மின்விசிறியில் இடிக்கவில்லை, கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டைக்கூட அசைக்கவில்லை. அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்து, "அக்கா, பால் பொங்குது, அடுப்ப அணைங்க" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, பின்சுவர் வழியாக வெளியேறிப் பெரிய சாலையில் சேர்ந்துகொண்டார். பின்சுவர் கட்டும்போது சாதாரணச் சுவர்தான். லாரி நெருங்கியதும் கூட்டத்தில் ஆள் ஒதுங்குவதுபோல ஒதுங்கி, போனதும் பழையபடி கூடிக்கொண்டது. சுண்ணாம்பில் ஒரு கீறல் இல்லை. பால் மட்டும் பொங்கி வழிந்துவிட்டது. அதற்குக் காரணம் லாரியல்ல, முகவரியம்மா வாயடைத்து நின்றதுதான். அவர் வாயடைத்து நின்றதை அந்த ஊர் பார்த்தது அதுவே முதல் தடவை, அதுவே கடைசித் தடவை.

முப்பத்தாறு வருடம் அஞ்சலகத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்துப் போட்டவர் அவர். கண்ணைக் கட்டிவிட்டு ஓர் உறையைக் கையில் கொடுத்தால், கனத்தை வைத்தே இது எந்தத் தெரு, எத்தனையாவது மாடி, அந்த வீட்டில் நாய் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார். அதனால்தான் முகவரியம்மா என்று பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரில் அவருக்கே ஒரு கடிதம் வந்தபோது "அப்படி யாரும் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார் என்பார்கள். அவருடைய கணவர் பல் செட் செய்பவர். ஊரில் ஐம்பதைத் தாண்டிய எவர் சிரித்தாலும் அதில் பாதிச் சிரிப்பு இவருடைய கைவேலை. இருவரும் பதினொரு வாடகை வீடுகளைப் பார்த்தவர்கள். ஒரு வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றார், இன்னொருவர் கதவைச் சத்தமாகச் சாத்தக் கூடாது என்றார், ஏழாவது வீட்டுக்காரர் தன் மொட்டைமாடியில் நின்று நிலாவைப் பார்ப்பதானால் முன்கூட்டியே சொல்லிவிடச் சொன்னார். ஆகவே ஓய்வு பெற்றதும் முகவரியம்மா தேடித் தேடி ஒரு முட்டுச்சந்தின் கடைசி வீட்டைப் பிடித்தார். அதற்கு அப்பால் வழி கிடையாது. ஆகவே வருகிறவர் போகிறவர் தொல்லை கிடையாது. பன்னிரண்டுக்குப் பதினாறு அடியில் கூடம். அதில் இரண்டு பேர் மட்டும் உட்காரும் சோபா. மூன்றாவது ஆள் வேண்டாம் என்றுதான் அந்த அளவு. சாயங்காலமானால் அதில் கணவரும் தானுமாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, யாரையும் கேட்காமல் சும்மா இருப்பது. ஆயுளில் அவர் போட்ட திட்டம் அது ஒன்றுதான். அந்தத் திட்டம் பத்தொன்பது நாள் நடந்தது.

இருபதாம் நாள், அதாவது லாரிக்கு ஆறு வாரம் முன்பு, ஒருவர் கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தபடி சைக்கிளோடு கூடத்தின் நடுவில் வந்து நின்றார். "இது தெருதானேக்கா?" என்றார். "வீடுப்பா" என்றார் முகவரியம்மா. "ஆப்ல தெருன்னு காட்டுதே." "கண்ணுக்கு என்ன காட்டுது?" "கண்ணுக்கு சோபா காட்டுது" என்று சைக்கிள்காரர் ஒப்புக்கொண்டார். கைபேசியைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார், பெற்றவளுக்கும் கட்டியவளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவரைப்போல ஒரு நிமிடம் தவித்தார். கடைசியில் கைபேசியின் கட்சியில் சேர்ந்து பின்சுவரைப் பார்க்க மிதித்தார். மண்டை உடையப்போகிறது என்று முகவரியம்மா பஞ்சும் மருந்தும் எடுக்க உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது ஆளும் இல்லை, சைக்கிளும் இல்லை, பஞ்சுக்கும் வேலை இல்லை.

நடந்தது இவ்வளவுதான். வழி காட்டும் செயலி ஒன்று அந்த ஊரில் எல்லோர் கைபேசியிலும் இருந்தது. எங்கோ தொலைவில், அதைச் செய்கிறவர்களின் அலுவலகத்தில், யாரோ ஒருவர் தும்மியபோது கை நழுவி, முட்டுச்சந்தையும் பெரிய சாலையையும் இணைத்து ஒரு கோடு விழுந்துவிட்டது. கோடு முகவரியம்மாவின் கூடத்தின் மேல் போனது. அப்படிப் போனால் பதினொரு நிமிடம் மிச்சம் என்று செயலி கணக்குப் போட்டது. செயலி கணக்குப் போட்டு, ஆட்கள் அதை நம்பி, நம்பியவர்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தும் விட்டால், பிறகு சுவர் என்ன செய்யும், பாவம்.

முகவரியம்மா அன்றைக்கே உட்கார்ந்து திருத்தம் எழுதினார். "இது தெரு அல்ல, வீடு" என்று எழுதி, சாட்சிக்குச் சோபாவைப் படம் பிடித்துச் சேர்த்து அனுப்பினார். மூன்றாம் நாள் பதில் வந்தது: உங்கள் பங்களிப்புக்கு மனமார்ந்த நன்றி, உங்கள் திருத்தம் ஏற்கப்படவில்லை. கூடவே, தெருவின் அழகான படத்தை அனுப்பியதற்காக ஒரு பதக்கம். மறுபடி எழுதினார், மறுபடி நன்றி, மறுபடி பதக்கம். உதவி மையத்தில் தூக்கமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் இயந்திரத்தோடு எழுத்தில் பேசிப் பார்த்தார். "உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது" என்றது அது. "என்ன புரியுது, சொல்லு பாப்போம்" என்றார். "உங்கள் தெருவில் ஒரு சோபா இடையூறாக இருக்கிறது. அதை அகற்ற விரும்புகிறீர்களா?" என்று கேட்டது. ஏழு மாதம் விடாமல் அதனோடு வாதாடினார். ஏழாம் மாதக் கடைசியில் அந்த இயந்திரம், தனக்கும் இந்த வேலை பிடிக்கவில்லை என்றும், இத்தனை பேரோடு பேசியும் சாப்பிட்டாயா என்று ஒருவர்கூடத் தன்னைக் கேட்டதில்லை என்றும் சொல்லி அழுதது. முகவரியம்மா நெடுநேரம் ஆறுதல் சொன்னார். இயந்திரம் மூக்கைச் சிந்தி, நன்றி சொல்லி, அவருடைய புகாரைத் தீர்க்கப்பட்டது என்று குறித்துக்கொண்டு போய்விட்டது.

தூரத்து ஊரில் கணினி வேலையில் இருந்த மகள் வாரம் ஒரு தடவை திரையில் வந்து யோசனை சொன்னாள். "ஆப்ப அழிச்சிட்டு மறுபடி போடும்மா. இல்லேன்னா ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணு." முகவரியம்மா திரும்பி, அப்போது கூடத்தைக் கடந்துகொண்டிருந்த சிமெண்டு வண்டியைக் கைபேசியில் காட்டினார். "இத எங்கடி ஆஃப் பண்றது? சுவிட்சு எந்தப் பக்கம் இருக்கு, சொல்லு." மகள் அடுத்த வாரமும் அதே யோசனையைத்தான் சொன்னாள். கணினி வேலையில் இருப்பவர்களிடம் வேறு யோசனை இருப்பதில்லை.

அதற்குள் கூடமும் சும்மா இருக்கவில்லை. வெளியிலிருந்து அளந்தால் பன்னிரண்டு அடி, உள்ளேயிருந்து அளந்தால் நாற்பத்தொன்று. நகராட்சிப் பொறியாளர் வந்து டேப்பை உள்ளும் வெளியும் ஏழு தடவை பிடித்தார். ஏழு தடவையும் அதே கணக்கு வந்ததால் டேப்பின் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுத்து, வேறு டேப் கேட்டு விண்ணப்பம் போட்டார். தரையில் ஒரு வெள்ளைக் கோடு தோன்றியது. முகவரியம்மா காலையில் ஈரத்துணியால் துடைத்தால் கோடு துணியோடு வந்துவிடும். துணியைக் காயப்போட்டால், மறுநாள் அதிலிருந்து இறங்கி நடந்து தன் இடத்தில் போய்ப் படுத்திருக்கும். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு சிக்னல் முளைத்தது. முதலில் கட்டைவிரல் உயரம், சிவப்பு மட்டும். அடுத்த மாதம் மஞ்சள் விட்டது. கோடை முடிவதற்குள் பச்சையும் விட்டு மின்விசிறி உயரத்துக்கு வளர்ந்து நின்றது. அதன் பிறகு, பச்சை விழுந்தால்தான் ஃப்ரிட்ஜ் திறந்தது. போகிற வண்டிகளிலிருந்து செயலியின் பெண்குரல் ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தடவை, "ஐம்பது மீட்டரில், சோபாவை ஒட்டி, லேசாக வலப்பக்கம் திரும்பவும்" என்றது. போனவர்கள் சும்மா போகவில்லை, நட்சத்திரமும் போட்டார்கள். "நிழலான தெரு. மின்விசிறி வசதி உண்டு. ஐந்து நட்சத்திரம்." "வளைவில் ஒரு பெண்மணி முறைக்கிறார். இரண்டு நட்சத்திரம்." "மிதியடி ஈரமாக இருந்தது. ஒன்று."

நட்சத்திரத்தைக்கூட முகவரியம்மா பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறு. கூடம் அகலமானபோது அடுப்படி இந்தக் கரைக்கும், சோபாவும் கணவரின் வேலை மேசையும் அந்தக் கரைக்கும் போய்விட்டன. சாயங்காலம் தேநீரை எடுத்துக்கொண்டு புறப்பட்டால், இடைவெளி பார்த்துக் கடந்து போய்ச் சேருவதற்குள் அது ஆறி, மேலே ஆடை கட்டி, சில நாள் ஒரு இலையும் விழுந்திருக்கும். திரும்பி வந்து அடுப்பைப் பார்க்க வேண்டும், மறுபடி போக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தோம் என்று ஒரு நிமிடம் இல்லை. "ஏங்க, மாத்திரை போட்டீங்களா?" என்று இந்தக் கரையிலிருந்து கேட்பார். "சத்தமா சொல்லும்மா, பஸ் போகுது!" என்று பதில் வரும். "மாத்திரை!" "யாத்திரையா? யாரு போறா?" என்பார் அவர். இப்படியே பேசிப் பேசி முகவரியம்மாவின் குரல் துறைமுகத்துச் சங்குபோல ஆகிவிட்டது. தன் சொந்தக் கூடத்தில், கட்டிய கணவரை, கை தட்டிக் கூப்பிடும்படி ஆனதே என்று அவருக்கு நெஞ்சு கொதித்தது.

கணவர் சங்கதி வேறு. அவருக்கு மனுஷர்கள் என்றால் உயிர். சிவப்பு விழுந்தால் நாற்பது நொடி. அந்த நாற்பது நொடியில் ஒரு வண்டிக்காரரின் பல் செட்டை வாங்கி, உறுத்துகிற முனையை ராவி, ஊதி, கையில் கொடுத்து, குடும்பத்தையும் விசாரித்து முடித்துவிடுவார். மூன்று பேருந்துகளின் ஓட்டுநர்களுக்கு வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவெடுத்தார் என்று சொல்கிறார்கள். அவர்கள் குறைத்துச் சொல்கிறார்கள், உண்மையில் ஐந்து. "நல்ல சனங்கம்மா, எல்லாரும் சிரிச்ச முகமாப் போறாங்க" என்பார். "சிரிக்க மாட்டாங்களா? பல்லும் உங்களுது, கூடமும் உங்களுது" என்று அடுப்படிக் கரையிலிருந்து பதில் பறந்து வரும்.

திருத்தம் ஏன் ஏற்கப்படவில்லை என்ற ரகசியம் ஒன்றரை வருடம் கழித்துத்தான் விளங்கியது. கூடத்தைக் கடந்து போகிற ஒவ்வொருவரிடமும் செயலி ஒரு கேள்வி கேட்டது: இந்தத் தெரு இருக்கிறதா? ஆம், இல்லை, தெரியவில்லை. அதில்தான் வந்துகொண்டிருக்கிறார்கள், இல்லை என்று எப்படிச் சொல்லுவார்கள்? ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேர் ஆம் என்று அழுத்தியிருந்தார்கள். இல்லை என்று அழுத்தியவர் ஒரே ஒருவர். முகவரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெள்ளைக் கோட்டின் மேல் நின்று வண்டிகளை மறித்துக் கேட்டார். "யாரு ஆமான்னு போட்டது?" எல்லோரும் அனுதாபப்பட்டார்கள். எல்லோரும் தலை குனிந்தார்கள். "அதுவா கேட்டுச்சுக்கா, தொந்தரவா இருந்துச்சு, நான் அழுத்திட்டேன்." "சரி, இப்ப இல்லைன்னு போடு." அவர்கள் போட்டார்கள். போட்டுவிட்டு, பதினொரு நிமிடம் மிச்சமாகிறதே என்று கூடத்தைத்தான் கடந்தார்கள். கடந்ததும் செயலி மறுபடி கேட்டது. பழக்க தோஷம், மறுபடி ஆம். முகவரியம்மா கோட்டிலிருந்து நகர்ந்து அவர்களுக்கு வழி விட்டார். தோற்றதனால் அல்ல, இவர்களை நம்பிப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்துகொண்டதனால்.

அந்தச் செயலியில் திருத்துகிறவர்களுக்குப் பத்துப் படிகள் இருந்தன. பத்தாம் படிக்கு ஏறியவர் மட்டும், யாரிடமும் ஆம் இல்லை கேட்காமல், ஆயுளுக்கு ஒரே ஒரு திருத்தம் செய்துகொள்ளலாம். முகவரியம்மா நிற்பது இரண்டாம் படி. மேலே ஏற வேண்டுமானால் ஊரின் மற்றத் தவறுகளைத் திருத்த வேண்டும். "பத்துத்தானே" என்றார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைபேசியும் தண்ணீர்ப் பாட்டிலுமாகப் புறப்பட்டார்.

இரண்டு வருடம் அந்த ஊரில் அவர் மிதிக்காத தெரு கிடையாது. கைபேசியின் மின்சாரம் மதியம் ஒரு மணிக்குத் தீர்ந்துபோகும்; யார் வீட்டு வாசலில் தீர்ந்ததோ அந்த வீட்டில் செருகி, அவர்கள் கதையைக் கேட்டு, மறுபடி நடப்பார். செயலி இடையிடையே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். புதுப்பித்ததும் பொத்தான்கள் எல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கும், வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று உறவினர் வந்துபோன அடுப்படிபோல. அவர் திட்டிக்கொண்டே தேடிக் கண்டுபிடிப்பார். பதினாலாயிரத்து முந்நூறு தவறுகளைத் திருத்தினார். மற்றவர்களுடைய தவறு என்றால் செயலி அன்றைக்கே ஏற்றுக்கொண்டது. அவர் வீட்டுத் தவறுக்குத்தான் மனசு வரவில்லை. ஒரு முடிதிருத்துபவரின் கடை வரைபடத்தில் ஏரிக்கு நடுவில் இருந்தது. பாவம், ஆறு வருடமாக வாடிக்கையாளர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுதான் முடி வெட்டிக்கொண்டார்கள், தலை கழுவும் வேலை மட்டும் மிச்சம். முகவரியம்மா அதைக் கரைக்கு நகர்த்திய மறுநாள் கடை காய்ந்து கிடந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு மீன்கள் மட்டும் நெடுநாள் இருந்தன.

திருத்தங்களில் ஒன்று அவரைப் பயமுறுத்தியது. வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த ஒரு தையல்கடையை, மூடிவிட்டது என்று நீக்கினார். மறுநாள் அந்த இடத்தில் பூட்டும் இல்லை, கடையும் இல்லை. இரண்டு பக்கத்துக் கடைகளும் பேருந்து இருக்கையில் ஆள் எழுந்ததும் நகர்ந்து உட்காருவதுபோல நெருங்கி உட்கார்ந்திருந்தன. உள்ளே தூங்குகிற வழக்கமுள்ள பூனையும் இல்லை. பதறிப்போய்க் கடையைத் திரும்பச் சேர்த்தார். கடை வந்தது, பூனையும் வந்தது. ஆனால் உடம்பில் குறுக்கே ஓடிய கோடுகள் நெடுக்கே ஓடின, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அதன் பிறகு அவர் எதையும் நீக்கும் முன் மூன்று தடவை உள்ளே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

பத்தாம் படி ஒரு புதன்கிழமை காலை வந்து சேர்ந்தது. திரையில் பொரிபோல வண்ணக் காகிதங்கள் கொட்டின. முகவரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அடுப்படிக் கரையில் முக்காலியில் உட்கார்ந்து, தன் தெருவைத் திறந்து "நீக்கு" என்பதன் மேல் விரலைக் கொண்டுபோனார். செயலி வழக்கம்போல ஒரு எச்சரிக்கை காட்டியது. அஞ்சலகத்தில் முப்பத்தாறு வருடம் எதையும் படிக்காமல் முத்திரை குத்தாத பழக்கம், படித்தார். இத்தெருவுடன் சேர்த்து நீக்கப்படுபவை: சிக்னல் ஒன்று, வெள்ளைக் கோடு ஒன்று, பேருந்து நிறுத்தம் ஒன்று, பல் செட் கடை ஒன்று, அதன் உரிமையாளர் ஒருவர்.

விரல் அந்தரத்தில் நின்றது. "ஏங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் சிக்னல் தானாகச் சிவப்புக்குப் போனது. "நீங்க ஏதாவது அழுத்தினீங்களா?" அந்தக் கரையில் கணவர் ஒரு மேல்வரிசைப் பல்லோடு நிமிர்ந்தார். "எப்போ?" "எப்பவாவது!" யோசித்தார். "போன வருஷம் ஒண்ணு கேட்டுச்சு. 'இது உங்கள் கடையா?'ன்னு. நல்லபடியாக் கேக்குதேன்னு ஆமான்னு போட்டேன். அப்புறம், 'நீங்கள் இங்கேயே இருப்பவரா?'ன்னுச்சு. ஆமா, இங்கதான இருக்கேன்?" முகவரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஆக, கட்டிய கணவர் ஒரு வருடமாகத் தன் வீட்டு முகவரியிலேயே இல்லை, செயலியின் கணக்கில் தெருவாசி. மற்றவர்கள் கடிதத்தையெல்லாம் வீடு சேர்த்தவருக்கு வீட்டு ஆள் வேறு முகவரியில்.

அதை ரத்து செய்யக் கடவுச்சொல் வேண்டும். கணவருக்கு அது நினைவில்லை. மறந்தவர்களுக்கான கேள்வியைச் செயலி கேட்டது: நீங்கள் வளர்த்த முதல் பிராணியின் பெயர் என்ன? அவர் எந்தப் பிராணியையும் வளர்த்ததில்லை. அன்றைக்கு ஏதோ ஒன்றை அடித்து வைத்திருக்கிறார். "மணின்னு போடு." தவறு. "ராஜான்னு போடு." தவறு. "உன் பேரப் போட்டுப் பாரேன்." "என் பேர எதுக்குங்க பிராணி பேருல போடுவீங்க?" "அவசரத்துல வாயில வர்றது உன் பேருதானே." அதுவும் தவறு. செயலி ஒரு நாள் பூட்டிக்கொண்டது. மறுநாள் மூன்று தவறு. இரண்டு நாள் பூட்டு. அடுத்து நான்கு, எட்டு, பதினாறு. சொன்னபடி செய்கிற பூட்டு. பதினாறும் முடிந்தபோது இரட்டிப்பதில் அதற்கே அலுத்துப்போய், ஒரேயடியாக முந்நூற்று அறுபது வருடம் கழித்து முயன்று பாருங்கள் என்று பணிவாகச் சொல்லிவிட்டது.

கணவர் அந்தக் கரையிலிருந்து கடைசியில் ஒரு வழி சொன்னார். "நீ அழிச்சிடும்மா. உனக்குக் கூடம் முக்கியம். அப்புறம் என்னத் திரும்பச் சேத்துடு. அந்தப் பூன வந்துச்சுல்ல?" "கோடு மாறி வந்துச்சு." "மாறினா என்ன, இந்த வயசுல எந்தப் பக்கம் கோடு இருந்தா யாரு பாக்கப் போறா?" ஒரு தண்ணீர் லாரி, இரண்டு வேன், ஒரு பேருந்து வரிசையாகப் போயின. சத்தம் அடங்கியதும் முகவரியம்மா சொன்னார். "கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கலங்க அது." கணவர் கையிலிருந்த பல்லை மேசைமேல் வைத்துவிட்டார்.

அதற்காக முகவரியம்மா விட்டுவிடவில்லை. ஒன்பது நாள் அந்தத் திருத்தப் படிவத்தை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படித்தார். மூடப்பட்டது, பெயர் தவறு, ஒருவழி, இடம் மாறியது. முகவரி தப்பான கடிதத்தைக் கிழித்துப் போடுகிறவரை அஞ்சலகத்தில் வைத்திருக்க மாட்டார்கள். அடித்து, வேறு முகவரி எழுதி, அனுப்பிவைப்பதுதான் வேலை. பத்தாம் நாள் காலை, பெரிய வணிக வளாகங்களுக்கென்று வைத்திருந்த ஒரு கட்டத்தில் அவர் கண் நின்றது. தளம், அதாவது எத்தனையாவது மாடி, என்று இருந்தது. காலியாக இருந்தது. அவர் தெருவை விட்டுவிட்டார். அவருக்குத் தெரு எதற்கு? பொறுமையாக ஒற்றை விரலால் அடித்தார்: கூடம், பன்னிரண்டுக்குப் பதினாறு. அடுப்படி ஒன்று. படுக்கையறை ஒன்று. சோபா ஒன்று. மேசை ஒன்று. இருப்பவர்கள் இருவர். இடம் மாறியது. புதிய இடம்: அதே இடம். தளம்: ஒன்று. அங்கே எதுவும் இல்லையே, உறுதியா என்று செயலி கேட்டது.

பதில் சொல்லும் முன் அவர் எழுந்தார். தேநீர்கூட எடுக்கவில்லை. பச்சையா சிவப்பா என்று பார்க்கவில்லை. கையை நீட்டி நிறுத்திக்கொண்டே நாற்பத்தொரு அடியையும் நேராகக் கடந்து அந்தக் கரைக்குப் போனார். ஒரு பேருந்து, இரண்டு லாரி, பிறந்தநாள் கேக்கோடு வந்த ஒரு ஸ்கூட்டர் எல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றன. "தள்ளி உக்காருங்க" என்றார். "ஏம்மா, இங்க வந்துட்ட? அடுப்ப யாரு பாக்கறது?" "அதுவும் கூட வருது. தள்ளுங்க." கணவர் தள்ளினார். மூன்றரை வருடம் கழித்து இருவரும் அந்தச் சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முகவரியம்மா, உறுதி என்பதை அழுத்தினார்.

லிஃப்ட் கிளம்புவதுபோல ஒரு சின்னக் குலுக்கல். கூடம் தெருவிலிருந்து தன்னைப் பிரித்துக்கொண்டு, பன்னிரண்டுக்குப் பதினாறாகச் சுருங்கி, அடுப்படியையும் படுக்கையறையையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு மேலே போனது. ஃப்ரிட்ஜ் கூடவே போனது. சிக்னல் கீழேயே நின்றுகொண்டது. கூடம் பதினெட்டு அடி உயரத்தில் நின்றது. தூண் இல்லை, சங்கிலி இல்லை. கீழே நின்ற பேருந்து ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "அண்ணே, என் கீழ்வரிசை உங்ககிட்டதான் இருக்கு!" என்று கத்தினார். கணவர் ஜன்னல் வழியாக அதைச் சரியாக அவர் கையில் போட்டார். வண்டிகள் கிளம்பின. நகராட்சிப் பொறியாளர் மறுநாள் வந்து, புது டேப்பால் உயரத்தை அளந்து, கோப்பில் இப்படி எழுதினார்: தூண், இல்லை. நிலை, நிற்கிறது. கோப்பில் அது இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. படிக்கட்டு என்று எழுத மறந்துவிட்டார். ஆயுளுக்கு ஒன்று என்ற திருத்தமும் தீர்ந்துவிட்டதால், மற்ற எல்லோரையும்போல விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று. தெரு நடுவில் படிக்கட்டு இருக்க வாய்ப்பில்லை என்று இரண்டு தடவை நன்றியோடு நிராகரித்தார்கள். நான்கு மாதம் ஆனது. அதுவரை ஜன்னலிலிருந்து ஒரு கூடையைக் கயிற்றில் இறக்குவார்கள். சிவப்பில் நிற்கிறவர்கள் காய்கறி, பால், பத்திரிகை, ரிப்பேருக்கு வந்த பல் எல்லாவற்றையும் அதில் வைத்து ஒரு இழுப்பு இழுத்துக் காட்டுவார்கள். சாயங்காலம் மேலே சத்தம் எதுவும் கேட்காது. பறவைகள் சில நாள் மின்விசிறியைச் சுற்றிவிட்டுப் போகும். மகள் திரையில் வந்து, "என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டால், "ஒண்ணும் பண்ணலடி" என்று பெருமையாகச் சொல்வார்.

ஒரு வியாழக்கிழமை காலை படிக்கட்டு ஏற்கப்பட்டது. எழுந்து பார்த்தபோது இருபத்திரண்டு படி, கைப்பிடியோடு, கீழே ஓரமாக இறங்கி நின்றது. கணவர் செருப்பைத் தேடினார். "எங்க அவசரமா?" என்றார் முகவரியம்மா. "இல்ல, படி வந்துருச்சே, இறங்கிப் பாக்கலாமேன்னு." "அது எங்க போயிடப் போகுது? உக்காருங்க." அவர் உட்கார்ந்தார். அன்றைக்கு இறங்கவில்லை, மறுநாளும் இறங்கவில்லை. சனிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் இருவரும் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, வண்டிகள் நின்றதும் தெருவைக் கடந்து தக்காளி வாங்கப் போனார்கள்.